பெரியண்ணன் கொடுத்த சேலை

பெரியண்ணனுக்கு வயது நான்கு. தாத்தாவின் பெயரை அப்படியே தூக்கி அவனுக்கு வைத்துவிட்டார்கள். அதனால் பல் விழுந்த பெரியவர்கள்கூடத் தெருவில் அவனைப் பார்த்தால், "என்ன பெரியண்ணே, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்பார்கள். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆச்சு" என்பான்.

அவனுடைய அக்கா ராஜாமணிக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அவர்கள் இருவர், அப்பா மாரியப்பன், அம்மா நஞ்சம்மாள், அப்புறம் பொம்மி.

பொம்மி ஓர் எருமை. ஆனால் அதை யாரும் எருமை என்று சொல்ல நஞ்சம்மாள் விடமாட்டாள். "என் மூத்த பொண்ணு" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டால் ராஜாமணிக்குக் கோபம் வரும். "அப்போ நான் யாரும்மா?" என்பாள். "நீ ரெண்டாவது" என்று பதில் வரும்.

தர்மபுரி தனி மாவட்டமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. காரிமங்கலத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி அவர்களுடைய ஊர். மழை வந்தால் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும். வராவிட்டால் பொம்மியின் பால்தான் குடும்பத்தைத் தாங்கும்.

பொம்மிக்கு ஒரு குணம் உண்டு. சித்திரையில் அது ஒரு கன்று போட்டது. பத்தே நாளில் கன்று செத்துவிட்டது. பொம்மி மூன்று நாள் கத்திக்கொண்டே இருந்தது. நஞ்சம்மாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக் கொடுத்து, பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அவள் ஒருத்திக்குத்தான் பொம்மி பால் கொடுக்கும். வேறு யார் மடியில் கை வைத்தாலும் ஒரே உதை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பொம்மியைக் கறந்து முடித்த கையோடு, நிறைமாதமாக இருந்த நஞ்சம்மாளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். மாரியப்பன் வண்டி பூட்டினார். அத்தை துணைக்குப் போனாள்.

வண்டியில் ஏறும்போது நஞ்சம்மாள் ராஜாமணியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தம்பி அழுவான், பாத்துக்கோ. பொம்மி அழுவாது. அதையும் பாத்துக்கோ."

ராஜாமணி தலையை ஆட்டினாள்.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் நஞ்சம்மாளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். ஆனால் பத்து நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ராஜாமணி அன்றைக்கே பெரிய மனுஷி ஆகிவிட்டாள். வீட்டைப் பெருக்கினாள். சாணி தெளித்தாள். அம்மா வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, கொடியில் கிடந்த அம்மாவின் துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாள். கை இரண்டும் சிவந்துவிட்டன. ஒரே ஒரு சேலை மட்டும் அவள் கையில் அகப்படவில்லை. அது பெரியண்ணனின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அம்மா கடைசியாக அவிழ்த்துப் போட்ட அந்தப் பழுப்புச் சேலையை அவன் சுருட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். தொட்டால் ஊர் கேட்கிற மாதிரி கத்தினான்.

"சரி, வெச்சுக்கோ. அழுக்குமூட்டை!" என்று விட்டுவிட்டாள்.

பால் கறக்கும் நேரம் வந்தபோதுதான் உண்மையான சோதனை ஆரம்பித்தது.

முதலில் மாரியப்பன் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். சொம்பு சாணிக் குழியில் கிடந்தது.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள், "ஆம்பிளைங்களுக்கு என்னா தெரியும்? தள்ளுங்க" என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வந்தாள்.

கறக்கிறவள் ஊரில் இல்லையென்றால் அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அந்தப் பக்கத்து வழக்கம். மாடு ஏமாந்து பால் கொடுத்துவிடும். குள்ளம்மாள்தான் அதை ஞாபகப்படுத்தினாள். மறுநாள் காலை மாரியப்பன் மீசையை முறுக்கிக்கொண்டே நஞ்சம்மாளின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டார். ராஜாமணி துவைத்து மடித்து வைத்திருந்த சேலை. தலையில் முக்காடு வேறு போட்டுக்கொண்டார்.

ராஜாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொம்மிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை மோந்து பார்த்தது. மூக்கைச் சுளித்தது. மாரியப்பன் வைக்கோல் போரில் போய் விழுந்தார்.

அப்புறம் கால்களைக் கட்டிக் கறந்து பார்த்தார்கள். அரை ஆழாக்குக்கூடத் தேறவில்லை. பொம்மி உடம்பெல்லாம் நடுங்கியது. அதைப் பார்க்க ராஜாமணிக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் பொம்மியின் மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகிவிட்டது. தொட்டால் சுட்டது. காம்பில் கசிந்த பால் திரிதிரியாக இருந்தது. முன்னால் போட்ட சோளத்தட்டை அப்படியே கிடந்தது.

"நாளைக்குக் காலையில மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போலாம். இன்னிக்கு அம்மாவுக்கு ரத்தம் ஏத்தணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் போயே ஆவணும்" என்று சொல்லிவிட்டு, மாரியப்பன் தர்மபுரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ராஜாமணி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பொம்மியின் முன்னால் வைத்தாள். அது குடிக்கவில்லை. தவிடு கலந்து வைத்தாள். அதையும் மோந்து பார்க்கவில்லை. பொம்மியின் கண்ணோரத்தில் ஈ மொய்த்தது. அதை விரட்டக்கூட அது தலையை ஆட்டவில்லை.

நாளை வரைக்கும் இது தாங்காது என்று ராஜாமணிக்குத் தோன்றிவிட்டது. பொம்மிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

குள்ளம்மாள் வீட்டுக்கு ஓடினாள். "சின்னம்மா, இன்னிக்குச் சந்தைக்குப் போறீங்கல்ல? நானும் பொம்மியை ஓட்டிக்கிட்டு வர்றேன். ஆஸ்பத்திரியில காட்டணும்."

"நீயா? உங்கப்பன் வரட்டும் பாப்பா."

"வர்றதுக்குச் சாயங்காலம் ஆவும் சின்னம்மா. நீங்க சும்மா கூட வந்தாப் போதும்."

குள்ளம்மாள் தன் தொடையைத் தடவிக்கொண்டே சம்மதித்தாள். "ஆனா ஒண்ணு. நான் அதுக்கு முன்னால நடப்பேன். பின்னால நடக்க மாட்டேன்."

பொம்மியைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. ராஜாமணி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பொம்மி நகரவில்லை. குள்ளம்மாள் தூரத்தில் நின்று, "ஹை, ஹை" என்றாள். அதற்கும் நகரவில்லை.

அந்தச் சமயத்தில் பெரியண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். பழுப்புச் சேலை அவன் தோளில் கிடந்தது. அதன் ஒரு முனை மண்ணில் இழுபட்டது. "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் தெருவில் இறங்கி நடந்தான்.

பொம்மி தலையைத் தூக்கியது. மெல்ல ஓரடி எடுத்து வைத்தது. பிறகு இன்னோரடி. பெரியண்ணனின் முதுகுக்குப் பின்னாலேயே அது நடக்க ஆரம்பித்தது.

"அட! உன் தம்பிமேல அதுக்கு எவ்வளவு பிரியம் பாரேன்" என்றாள் குள்ளம்மாள்.

இரண்டு மைலும் அப்படியே போனார்கள். பெரியண்ணன் உட்கார்ந்தால் பொம்மி நின்றது. அவன் எழுந்தால் அதுவும் நடந்தது. பொம்மியின் மூச்சு கழுத்தில் பட்டு அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "போ பொம்மி" என்று சிரித்தான். நாலு நாளில் அவன் அன்றுதான் சிரித்தான்.

காரிமங்கலம் மாட்டாஸ்பத்திரி ஓர் ஓட்டுக் கட்டடம். முன்னால் பெரிய புங்கமரம். சந்தை நாள் என்பதால் மரத்தடியில் நல்ல கூட்டம். ஆடு, மாடு, நாய், கூடைக்குள் கோழி என்று எல்லோரும் வரிசையாகக் காத்திருந்தார்கள். மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவை முனகிக்கொண்டிருந்தன.

"டாக்டரு நல்லவருங்களா?" என்று ராஜாமணி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அவர் பெயர் அக்பர் அலி. மொரப்பூர் ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டுகிறவர். இத்தனை தூரம் குதிரையை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன கேக்கறே நீ? போன வருஷம் என் குதிரைக்கு வயிறு உப்பிப் போச்சு. படுத்தா செத்துடும், படுக்க விடாதேன்னாரு டாக்டரு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவரே கயித்தைப் புடிச்சுக்கிட்டு, இதோ இந்த மைதானத்தை மூணு மணி நேரம் சுத்தினாரு பாப்பா. குதிரை லத்தி போட்டப்புறம்தான் உட்கார்ந்தாரு. ஷூ தேஞ்சு போச்சு அவருக்கு."

கூடையை மடியில் வைத்திருந்த ஜானகியம்மாளும் பேச்சில் சேர்ந்துகொண்டாள். "அது சரிங்க. ஆனா அவருகிட்ட ஒரு பழக்கம். ஆளு பேரைக் கேக்க மாட்டாரு. முதல்ல அதும் பேரைத்தான் கேப்பாரு. போன மாசம் என் கோழியைத் தூக்கிட்டு வந்தேன். 'கோழி பேரு என்னம்மா'ன்னாரு. கோழிக்கு எவ பேரு வெப்பா? பதட்டத்துல 'ஜானகி'ன்னு என் பேரையே சொல்லித் தொலைச்சிட்டேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து கம்பவுண்டர் மாதையன் வெளியே வந்து நோட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "ஜானகி! கோழி! வரலாம்!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. ஜானகியம்மாள் முகத்தைக் கூடையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜாமணியின் முறை வந்தது. டாக்டர் அப்துல் ரஷீத் ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கழுத்தில் நூல் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். ராஜாமணியைப் பார்த்ததும், "பெரியவங்க யாரும் வரலையா?" என்று அவர் கேட்கவில்லை.

"இவங்க பேரு என்னம்மா?" என்று எருமையைக் காட்டிக் கேட்டார்.

"பொம்மிங்க."

"பொம்மி. நல்ல பேரு."

அவர் தன் உள்ளங்கையைப் பொம்மியின் மூக்கருகே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பொம்மி மோந்து பார்த்தது. மூக்கைச் சுளித்தது.

"எதுக்குங்க கையை நீட்டறீங்க?" என்று ராஜாமணி கேட்டாள்.

"தொடறதுக்கு முன்னாடி நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? நாம கண்ணால ஆளை அடையாளம் பாக்கறோம். இவங்க மூக்கால பாக்கறாங்க." டாக்டர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இன்னிக்குப் பாஸ் மார்க் கிடைக்கல."

நான்கு கம்பங்களை நட்டு, குறுக்கே சட்டம் அடித்த இடத்துக்குள் பொம்மியை நிறுத்தினார்கள். டாக்டர் குனிந்து மடியைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

ராஜாமணி எதையும் மறைக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது, அப்பா உதை வாங்கியது, காலைக் கட்டிக் கறந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"நல்லாச் சொன்னே. பாதி வைத்தியம் நீ சொன்னதுலேயே முடிஞ்சுது." டாக்டர் நிமிர்ந்தார். "உள்ளே தேங்கின பால் கெட்டுப் போயிருக்கு. அதை முழுசாக் கறந்துட்டு, காம்பு வழியா மருந்து ஏத்தணும். இன்னிக்கே செய்யணும். நாளைக்குன்னா மடி போயிடும். சுரமும் ஏறிடும்."

"செஞ்சுடுங்க டாக்டரய்யா."

"செய்யலாம். இவங்க ஒத்துக்கணுமே."

மாதையன் பாத்திரத்தோடு உட்கார்ந்து, ஒரு விரலால் மடியைத் தொட்டார். சட்டம் அதிர்ந்தது. பாத்திரம் பறந்தது. மாதையன் எங்கே போனார் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் சட்டத்துக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது. "நான் இங்க இருக்கேன் சார்."

"காலைக் கட்டிடலாமுங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"கட்டலாம். ஆனா பயந்துட்டா பாலை மேலே இழுத்துக்கும். கெட்ட பால் உள்ளேயே நின்னுடும். அதுமேல மருந்து விட்டு என்ன புண்ணியம்?" டாக்டர் யோசித்தார். "அவங்க அம்மா வந்தாத்தான் ஆவும். அவங்களோ அங்க படுத்திருக்காங்க."

ராஜாமணி பொம்மியைப் பார்த்தாள். பொம்மி டாக்டரைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. சட்டத்துக்கு வெளியே மூக்கை நீட்டி, பெரியண்ணனின் தோள் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தது. உஸ் உஸ்ஸென்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்குத் தம்பிமேல் பிரியம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்களே! அது மோந்தது தம்பியை இல்லை.

"டாக்டரய்யா! சேலை!" என்று கத்தினாள் ராஜாமணி.

"எந்தச் சேலை?"

"அம்மா சேலைங்க. அப்பா கட்டுனது நான் சோப்புப் போட்டுத் தொவைச்ச சேலை. அதுல அம்மா வாசம் இல்ல. அதான் உதைச்சுது. தம்பி வெச்சிருக்கறது தொவைக்காத சேலைங்க! அம்மா பொம்மியைக் கறந்தப்போ கட்டியிருந்தது!"

டாக்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

அதற்குள் குள்ளம்மாள், "இவ்வளவுதானா சங்கதி? குடுடா இங்க" என்று சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

பெரியண்ணன் போட்ட அலறலில் புங்கமரத்துக் காக்கைகள் பறந்தன. மூன்று ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. பொம்மி மிரண்டு சட்டத்தில் மோதியது.

"வேணாம் சின்னம்மா, விடுங்க! அது அவனோடது" என்றாள் ராஜாமணி.

சேலை அவனிடமே திரும்பிப் போனது. ராஜாமணி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"தம்பி, சாமத்துல அம்மா வேணும்னு உனக்கு அழுகை வருதில்ல?"

அவன் விசும்பிக்கொண்டே தலையை ஆட்டினான்.

"எனக்கும் வருது. நான் போர்வைக்குள்ள அழுவேன். பொம்மிக்கும் வருதுடா. அதுக்கு அழத் தெரியல. அதான் உதைக்குது."

பெரியண்ணன் பொம்மியைப் பார்த்தான். பொம்மியும் அவனைப் பார்த்தது.

"பொம்மிக்கு உடம்பு வலிக்குது. கொஞ்ச நேரம் அம்மா சேலையை அதுக்குக் காட்டலாமா?"

"திருப்பிக் குடுப்பியா?"

"நீ முழுசாக் குடுக்கவே வேணாம். ஒரு முனையை நீயே புடிச்சுக்கோ. விடவே விடாதே."

பெரியண்ணன் நெடுநேரம் யோசித்தான். அவன் யோசித்து முடிக்கிற வரைக்கும் டாக்டரும், கம்பவுண்டரும், குதிரை வண்டிக்காரரும், அத்தனை கூட்டமும் காத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவன் சேலையின் ஒரு முனையைத் தன் முஷ்டியில் சுற்றிக்கொண்டான். மிச்சத்தை நீட்டினான்.

"யாரு கட்டிக்கறது?" என்று மாதையன் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் பின்னால் நகர்ந்தார். குள்ளம்மாள் அவருக்கு முன்பே நகர்ந்திருந்தாள்.

"யாரு கறக்கப் போறாங்களோ அவங்கதான்" என்றார் டாக்டர். "குடும்மா. நான் கட்டிக்கிறேன்."

"சார்! நீங்களா?" மாதையன் பதறிப்போனார். "சந்தைக்கு வந்த சனமெல்லாம் பாக்குதுங்க!"

"பாக்கட்டும். பொம்மி பாத்தாப் போதும்."

கவர்ன்மெண்டு டாக்டர், பேண்ட் போட்ட டாக்டர், அத்தனை பேருக்கும் முன்னால் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நின்றார். அவருக்குச் சேலை கட்டத் தெரியவில்லை. குள்ளம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொசுவம் வைத்து, அதை அவருடைய பெல்ட்டில் செருகினாள். முந்தானை பெரியண்ணன் கையில் இருந்தது. அதனால் டாக்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனும் கூடவே சுற்றினான்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்பர் அலி திரும்பி ஒரு முறை முறைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் மெல்லப் போய்ப் பொம்மியின் முகத்துக்கு அருகே நின்றார். பொம்மி சேலையில் மூக்கை வைத்தது. நீளமாக மூச்சை இழுத்தது. இன்னொரு தரம் இழுத்தது. அதன் காதுகள் இரண்டும் தளர்ந்து தொங்கின.

"கறக்கும்போது அம்மா ஏதாவது சொல்லுவாங்களா?" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

ராஜாமணிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "'எந்திரிச்சியாடி என் தங்கம், அம்மாவுக்குப் பால் குடுடி'ன்னு சொல்லுவாங்க."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மடிக்கருகே உட்கார்ந்து, பரிட்சைக்கு ஒப்பிக்கிறவர் போல நிதானமாகச் சொன்னார். "எந்திரிச்சியாடி என் தங்கம். அம்மாவுக்குப் பால் குடுடி."

பொம்மி அசையவில்லை. அவர் காம்பைப் பிடித்தார். அப்போதும் அது காலைத் தூக்கவில்லை. முதலில் இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு கெட்டுப் போன பால் கட்டிகட்டியாக வந்தது. பொம்மிக்கு வலித்திருக்க வேண்டும். முதுகுத்தோல் வெடவெடத்தது. ஆனாலும் அது நின்றது.

இப்போது சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. பெரியண்ணன் தன் கையிலிருந்த முந்தானையால் எட்டித் துடைத்துவிட்டான்.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மடி இளகியது. டாக்டர் காம்பு வழியாக மருந்தை ஏற்றி, தொடையில் ஓர் ஊசியும் போட்டார். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பிழைச்சுக்கிட்டாங்க" என்றார். ராஜாமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த ஊரில் இப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் கறந்து விடணும். அந்தப் பாலைக் குழி தோண்டிக் கொட்டிடணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் குடிக்கக் கூடாது. வீட்ல யாரு கறப்பாங்க?"

"நான் கறக்கறேன்" என்றாள் ராஜாமணி.

"கறந்திருக்கியா?"

"இல்லீங்க. இனிமேதான்."

அங்கேயே சேலையை அவளுக்கு மாற்றிக் கட்டினார்கள். பெரியண்ணன் முனையை விடவில்லை. ராஜாமணி கட்டைவிரலை மடக்கி நல்ல காம்பைப் பிடித்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். பால் சீறிக்கொண்டு போய் மாதையன் சட்டைப் பையில் விழுந்தது.

"கறக்கறா!" என்றார் மாதையன், பையைப் பிழிந்துகொண்டே.

டாக்டர் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தார். பொம்மி, எருமை, மடி வீக்கம் என்று எழுதினார். கொடுத்த மருந்துகளை எழுதினார். பேனாவை மூடப் போனவர், மறுபடி திறந்து இன்னொரு வரியும் சேர்த்தார்.

மாதையன் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். "உதவி செய்தவர்: திரு. பெரியண்ணன்."

"வயசும் போடுங்க" என்றான் பெரியண்ணன்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாரியப்பனும் ராஜாமணியும் பொம்மியை ஓட்டிக்கொண்டு போய் மருந்து போட்டு வந்தார்கள். டாக்டர் சேலை கட்டிய கதையை ராஜாமணி சொன்னபோது மாரியப்பன் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் டாக்டர் இந்தத் தடவை கொசுவத்தைத் தானே வைத்துக்கொண்டார். மாரியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றார்.

வீட்டில் ராஜாமணி விடியலில் எழுந்தாள். பள்ளிக்கூடத்து இடைவேளையிலும், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முனையைப் பிடித்துக்கொண்டு பெரியண்ணன் நின்றான். விரல்கள் வீங்கின. பிறகு பழகிவிட்டன. பொம்மி சோளத்தட்டை தின்ன ஆரம்பித்தது. பால் வெள்ளையாக வர ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள், இனிமேல் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ராஜாமணி அவசரத்தில் சேலை கட்ட மறந்து, பாவாடையோடு உட்கார்ந்துவிட்டாள். சொம்பு பாதி நிறைந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பொம்மி நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் மதியம் நஞ்சம்மாள் குழந்தையோடு வந்து இறங்கினாள். பெரியண்ணன் ஓடிப்போய் அவள் கால்களைக் கட்டிக்கொண்டான். நடந்ததையெல்லாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நஞ்சம்மாள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது!" என்று கெஞ்சினாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மகராசனை ஒரு நாள் போயிப் பாக்கணும்" என்றாள்.

பிறகு குழந்தையை மாரியப்பனிடம் கொடுத்துவிட்டு, "எங்க என் மூத்த பொண்ணு?" என்று கொட்டகைக்கு நடந்தாள்.

பொம்மி தலையைத் தூக்கியது. நஞ்சம்மாள் கையை நீட்டினாள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த அவள்மேல் மருந்து வாடை தூக்கியடித்தது. பொம்மி ஒரு தடவை மோந்து பார்த்தது. மூக்கைச் சுளித்தது. பின்னங்காலைத் தூக்கியது.

"அடிப்பாவி! என்னையேவா?" நஞ்சம்மாள் துள்ளி விலகினாள். மாரியப்பன் வைக்கோல் போரில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். இந்தத் தடவை அவர் உதை வாங்கவில்லை.

"நவுரும்மா" என்றாள் ராஜாமணி.

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பொம்மியின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். பொம்மி காலைக் கீழே வைத்தது. சர் சர்ரென்று பால் இறங்கியது. சொம்பில் நுரை மேலே ஏறி வந்தது.

ராஜாமணி பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் ஆற்றிக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"பாப்பாவுக்குப் பால் குடுக்க நான் இருக்கேன்" என்றாள் நஞ்சம்மாள். "எனக்குப் பால் குடுக்க நீயாடி?"

"சூடு ஆறுறதுக்குள்ள குடிம்மா. பேச்சு அப்புறம்" என்றாள் ராஜாமணி.

நஞ்சம்மாள் மறு பேச்சு பேசாமல் குடித்தாள்.